முன்னால் எடுத்த படம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆனவனுக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பைபாஸ் ரோட்டில் நம் பழைய மாணவன் ஒருவன் நடத்தும் கார் டீடெய்லிங் கடைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்; 2003இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். வரலாற்றில் 41 மார்க் வாங்கியதை அவனே சிரித்துக்கொண்டு நினைவுபடுத்தினான். டீடெய்லிங் என்றால் வாட்டர் சர்வீஸ் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே சீட்டு இடுக்கில் இருக்கும் மண்ணைக்கூட பிரஷ்ஷால் எடுத்து, வெளியே பெயின்டைப் படிப்படியாகப் பாலிஷ் போட்டு, கடைசியில் மேலே ஒரு பூச்சுப் பூசி, புதுக்கார் மாதிரி ஆக்கித் தருவது. ஒரு காருக்கு இரண்டு நாள், மூன்று நாள்கூட ஆகும் என்றான்.

டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாக ஒரு விஷயம் கேட்டான். விளம்பரத்துக்கு வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘பிஃபோர் – ஆஃப்டர்’ படம் போடுகிறான். பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் போடும் படங்களைப் பார்த்தால் இவன் வேலை ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிகிறதாம். விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் பையன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான்: முதல் படம் எடுப்பதற்கு முன் காரின் மேல் இரண்டு வாளி செம்மண் தண்ணீர் அடித்துவிடு.

“சார், சேறு நிஜச் சேறுதான். காரும் அந்தக் கார்தான். கழுவி பாலிஷ் போட்டதும் நான்தான். இதுல பொய் எங்க சார் இருக்கு?”

முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன்டா என்று வந்துவிட்டேன். அவனுக்குத் தனியாக எழுதத் தொடங்கியதுதான் இப்படி வளர்ந்துவிட்டது. எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த முன் – பின் படம் போட்டோ வந்ததால் பிறந்ததில்லை. டாகேர் தன் போட்டோ முறையை உலகுக்கு அறிவித்தது 1839இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்பவர் இதை வைத்துப் பிழைத்தார். 1788இல், தமது 36ஆவது வயதில், வேறு தொழில்களில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, பெரிய பண்ணை வீடுகளுக்குத் தோட்டமும் நிலவெளியும் வடிவமைத்துத் தரும் தொழிலில் இறங்கினார். அவருக்கு முன்னால் இதில் கொடிகட்டிப் பறந்த ‘கேப்பபிலிட்டி’ பிரௌன் ஆள் வைத்து வேலையையும் முடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். ரெப்டனோ பெரும்பாலும் யோசனை மட்டும் விற்றவர். யோசனையை எப்படி விற்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

பண்ணைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, இப்போது இருக்கும் காட்சியை வாட்டர்கலரில் வரைவார். அந்தப் படத்தின் மேல் ஒரு பகுதியை மட்டும் மூடுகிற மாதிரி மடிப்புத் தாள் ஒன்றை ஒட்டியிருப்பார். அதைத் தூக்கினால் அடியில் இனி வரப்போகும் காட்சி: ஏரி, மரக்கூட்டம், மேயும் மாடுகள். சிவப்புத் தோல் அட்டை போட்டு பைண்டு செய்து தருவார். ‘ரெட் புக்’ என்றே அவற்றுக்குப் பெயர். தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் செய்தார். பல ஜமீன்தார்கள் புத்தகத்தை வாங்கி விருந்தினருக்குத் தூக்கித் தூக்கிக் காட்டியதோடு சரி, மண்வெட்டி எடுக்கவே இல்லை.

அவருடைய படங்களில் எனக்கு மறக்காத ஒன்று, அவர் குடியிருந்த வீட்டையே வரைந்தது. எஸ்ஸெக்ஸில் ஹேர் ஸ்ட்ரீட் என்ற கிராமத்தில் அவர் வீடு. 1816இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. முதல் காட்சியில் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே கறிக்கடை, தொங்கும் இறைச்சி, வேலியோரம் உடல் ஊனமுற்ற ஒரு பிச்சைக்காரர். தாளைத் தூக்கினால் வேலி தள்ளிப் போயிருக்கிறது, ரோஜாவும் செடிகொடிகளும் கறிக்கடையை மறைத்துவிட்டன, பிச்சைக்காரர் இல்லை. அவர் எங்கே போனார் என்று படத்தில் ஒரு தகவலும் கிடையாது. ரோஜாவால் அவருக்குக் கால் முளைத்திருக்காது.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ‘பின்’ படத்தில்தான் ஏமாற்று இருக்கும் என்று தேடுவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க, பெரும்பாலும் கைவைப்பது ‘முன்’ படத்தில்தான் என்று தெரிந்தது. அந்தப் பிச்சைக்காரர் அன்றைக்கு நிஜமாகவே அந்த வேலியோரம் நின்றாரா, அல்லது படத்துக்குத் தேவைப்பட்டதால் நின்றாரா?

இதற்கு லண்டனில் ஒரு விசாரணையே நடந்தது. தாமஸ் பர்னார்டோ என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டப்ளினில் 1845இல் பிறந்தவர், சீனாவுக்குப் பாதிரியாகப் போகும் எண்ணத்தோடு லண்டன் வந்து, கிழக்கு லண்டன் தெருக்களில் படுத்துத் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1870இல் ஸ்டெப்னியில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் திறந்தார். அவர் ஆரம்பித்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. அவரை மோசடிக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவரால் சோறு தின்றார்கள், தொழில் படித்தார்கள்.

சோற்றுக்குப் பணம் வேண்டுமே. 1874இலிருந்து இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் போட்டோ எடுத்தார்கள். 1905இல் அவர் இறப்பதற்குள் சுமார் 55,000 படங்கள். அது பதிவேட்டுக்கு. அதோடு இன்னொன்றும் செய்தார். ஒரே பையனின் இரண்டு படங்களை அட்டையில் ஒட்டி விற்றார். ஒன்றில் கந்தல் உடையோடு திசை தெரியாமல் நிற்கும் நாடோடிப் பையன். மற்றதில் தலைவாரி, மேலாடை கட்டி, வேலை செய்யும் குட்டித் தொழிலாளி. 20 அட்டை கொண்ட கட்டு 5 ஷில்லிங், தனி அட்டை 6 பென்ஸ். நன்றாகவே விற்றது.

1877இல் விவகாரம் வெடித்தது. ஒரு பாப்டிஸ்ட் பாதிரியாரும், நன்கொடைகளைக் கண்காணித்து வந்த ஒரு சங்கமும் அவர்மேல் குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். பணம் கையாளுவது, பிள்ளைகளை நடத்தும் விதம், தகுதி வாங்குமுன்பே ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டது எல்லாம் வந்தன. படங்களும் வந்தன. ஒரு சிறுமியை வெறுங்காலோடு தெருவில் பேப்பர் விற்பவளாகக் காட்டியிருந்தார்கள். அவள் பேப்பரே விற்றதில்லை. பையன்களின் உடையைக் கிழித்துவிட்டுப் படம் எடுத்தார்கள் என்றும் புகார் சொன்னார்கள். நடுவர்கள் மூன்று பேர் வாரக்கணக்கில் விசாரித்தார்கள்.

பர்னார்டோவின் வாதத்தைக் கவனியுங்கள். இந்தப் படம் இந்த ஒரு பையனுடையது மட்டுமில்லை, இவனைப் போல் தெருவில் கிடக்கும் ஆயிரம் பிள்ளைகளின் நிலையைக் காட்டுவது என்றார். அப்படிப் பிள்ளைகள் இல்லையா? இருந்தார்கள். கந்தல் பொய்யா? லண்டனில் கந்தலுக்குப் பஞ்சமா? நம் பைபாஸ் ரோட்டுப் பையன் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வாதம்தான். சேறு நிஜம், கார் நிஜம்.

நடுவர்கள் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள். படங்கள் விஷயத்தில் மட்டும் விடவில்லை. கற்பனையாக அமைத்த காட்சியை நடந்த உண்மையாகக் காட்டுவது ஒழுக்கப்படி தவறு என்றும், கட்டுக்குள் வைக்காவிட்டால் அதுவே ஏமாற்று முறையாக வளர்ந்து, எந்த நல்ல காரியத்துக்காகச் செய்கிறாரோ அந்தக் காரியத்துக்கே ஆபத்தாகும் என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். அவரும் அந்த ஜோடி அட்டைகளை நிறுத்திக்கொண்டார். இல்லம் மூடிவிடவில்லை, இன்னும் பெரிதாகத்தான் வளர்ந்தது. படத்தில் இருந்த அந்தச் சிறுமிக்கு ஒரு அம்மா இருந்தாள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் மகளை அப்படி ஒரு அட்டையில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்?

இதைவிட மோசமான ஒன்று அமெரிக்காவில். அங்கே உடையைக் கிழிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களாக மாற்றுவதற்கென்றே ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளியைத் தொடங்கினார். ஊர்ப் போட்டோக்காரர் ஜான் சோட் பிள்ளைகளை வந்தவுடனும், பிறகும் படம் எடுத்தார். மிகவும் பிரசித்தமான ஜோடி டாம் டார்லினோ என்ற நவஹோ இளைஞருடையது. 1882இல் வந்தபோது எடுத்தது: தோளில் விழும் கூந்தல், காதில் வளையம், கழுத்தில் மாலைகள், போர்வை. மூன்று வருஷம் கழித்து: வெட்டிய தலைமுடி, கோட்டு, கழுத்துப்பட்டி. தோலின் நிறமே வெளுத்துவிட்டது போலத் தெரிகிறது. வெளிச்சத்தை எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறோம் என்பதை வைத்தே அப்படிச் செய்யலாம்; போட்டோ எடுக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் படத்தை ஒரு நிமிஷம் தனியாக வைத்துப் பாருங்கள். அந்த மனிதர் தன் ஊரில் கௌரவமாக உடுத்தும் விதத்தில் உடுத்தி நிற்கிறார். அதில் அழுக்கு எங்கே? பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்ததும், அவருடைய அம்மா, பாட்டி, ஊர் எல்லாமே கழுவித் தள்ள வேண்டிய அழுக்காகிவிட்டன. பள்ளிக்குப் பணம் கேட்கும்போது இந்த மாதிரிப் படங்கள் கூடப் போயின. 1918இல் பள்ளியை மூடினார்கள். வீடு திரும்பாமல் அங்கேயே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் 180க்கும் மேல் இருந்தன. அவர்களுக்குப் ‘பின்’ படம் கிடையாது.

நம் ஊருக்கு வருகிறேன். அமெரிக்கா வரை போக வேண்டாம், நம் வீட்டு ஹாலில் டிவியில் ஓடியதுதான். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. கறுத்த முகம், வெளுத்த முகம், நடுவில் கலர் அட்டை. அந்த ‘முன்’ முகம் யாருடைய முகம்? என் தங்கை முகம், என் மகள் முகம், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாதிப் பெண்களின் முகம். அது ஒன்றும் சேறு பூசிய முகமில்லை. 2014இல் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகவோ மகிழ்ச்சியற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. கம்பெனியே 2019இல் அந்த இரண்டு முகத்தையும் கலர் அட்டையையும் எடுத்துவிட்டது. 2020இல் பெயரையும் மாற்றிவிட்டது. நாற்பத்துச் சொச்சம் வருஷம் ஆனது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் கலர் அட்டையை மனசுக்குள் வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவில்லை.

கார் சம்பந்தமாகவே ஒரு வழக்கு இருக்கிறது, தம்பிக்குப் பிடிக்கும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு கண்ணாடிக் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் டிவி விளம்பரம் செய்தன. லிபி ஓவன்ஸ் ஃபோர்டு என்பது கண்ணாடிக் கம்பெனியின் பெயர். மற்ற கார்களின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே எல்லாம் நெளிந்து தெரியும். இவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பளிங்கு மாதிரி. பிறகு வர்த்தக ஆணையம் தோண்டிப் பார்த்தது. மற்றக் கண்ணாடியில் வாசலைனைக் கோடுகோடாகத் தடவியிருந்தார்கள். இவர்களுடைய கண்ணாடி? கண்ணாடியை இறக்கிவிட்டுத் திறந்த ஜன்னல் வழியாகப் படம் எடுத்திருந்தார்கள்! கம்பெனிக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள், 1965இல் அதிலும் தோற்றார்கள். இவர்கள் கண்ணாடி நிஜமாகவே நல்ல கண்ணாடியாகக்கூட இருந்திருக்கலாம். அதைக் காட்ட வாசலைன் எதற்கு?

இனி தம்பிக்கு. நீ சேறு அடிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் வேடிக்கை. நீயே எனக்கு டார்ச் அடித்துக் காட்டினாய்: கறுப்புக் காரின் பானெட்டில் வெளிச்சம் பட்டால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். உண்மையில் கீறல்கள் வட்டமே இல்லை, எல்லாப் பக்கமும் தாறுமாறாக ஓடுகின்றன; விளக்குக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது என்று நீ சொன்னபோது, 41 மார்க் போட்டவன் நான்தானா என்று இருந்தது. அதே காரை மேகம் மூடிய நேரத்தில் பார்த்தால் கீறல் தெரியாது. அப்படியானால் உச்சி வெயிலில் ‘முன்’, ஷெட்டு நிழலில் ‘பின்’ எடுத்தால் காரைத் தொடாமலேயே விளம்பரம் தயார். ஈரத்தோடு எடுத்தால் எந்தக் காரும் புதுக்கார்தான். கீறலுக்குள் மெழுகை நிரப்பிப் பளபளப்பாக்கினால் நாலு வாட்டர் சர்வீஸுக்குத் தாங்கும். பிறகு பழைய வலை மறுபடி எட்டிப் பார்க்கும். மேலே இருக்கும் கிளியர் கோட் தலைமுடிக் கனம்கூட இல்லை, அதைத் தேய்த்துக் குறைக்காமல் கீறலை மட்டும் எடுப்பதில்தான் கைவேலை இருக்கிறது என்று நீயே சொன்னாய். அந்தக் கைவேலை சேற்றுப் படத்தில் தெரியவே தெரியாது. சேற்றை அலச ஐம்பது ரூபாய் வாங்கும் பையன் போதும். உன் மூன்று நாள் வேலையை நீயே ஐம்பது ரூபாய் வேலையாகக் காட்டிக்கொள்கிறாய்.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வெயில், காய்ந்த கார். பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் முடித்து எடு. அந்த மாதிரிப் படம் நீ ஏற்கெனவே உன் போனில் வைத்திருந்தாய், எடுப்பாக இல்லை என்று போடாமல் விட்டிருந்தாய். எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று: நம்பர் பிளேட்டை மறைத்துப் போடு. தன் கார் அழுக்காக இருந்ததை ஊருக்குக் காட்ட எந்த ஓனரும் பணம் கொடுக்கவில்லை.

உனக்கு அன்றைக்கே ஏன் இதைச் சொல்லவில்லை என்றால், சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

ரிட்டயர் ஆவதற்குப் பல வருஷம் முன்பு, நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு நன்கொடையாளர் சீருடையும் ஷூவும் வாங்கப் பணம் அனுப்பினார். அடுத்த தவணை வருவதற்குப் படம் கேட்டார்கள். முன் எப்படி, பின் எப்படி. கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்பிலிருந்து சில பிள்ளைகளை அழைத்துவரச் சொன்னார்கள். அதில் ஒரு பையன் போட்டோ எடுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருப்பான் போல. அவன் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு அனுப்பியிருந்தார். பழைய சட்டைதான், ஆனால் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

நான்தான் சொன்னேன். சட்டையை வெளியே எடுத்து விடுடா, தலையைக் கொஞ்சம் கலைச்சுக்கோ, செருப்பைக் கழற்று. அவன் ஏன் என்று கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கழற்றிய செருப்பைத் தரையில் வைக்காமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். பிரிண்ட் போட்டு வந்தபோது பார்த்தேன், இடுப்போரம் ஒரு வார் மட்டும் நீலமாக வெளியே தெரிந்தது. அனுப்புவதற்கு முன் யாரும் கவனிக்கவில்லை. பணம் வந்தது. எல்லாருக்கும் ஷூ வந்தது.

பர்னார்டோ வழக்கை நான் வகுப்பில் கதை மாதிரிச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கவும் வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த நீல வார் ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அவன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் யாருக்காவது அது யார் என்று தெரிந்தால் கமென்ட்டில் பெயர் போட வேண்டாம், டேக் செய்ய வேண்டாம், அந்தப் படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் இங்கே போடவும் வேண்டாம். அவனிடம் மட்டும் சொல்லுங்கள். என் பழைய நம்பர்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.